காப்பிக் களத்தில் நின்ற படகு

சாமி,

நீ போனில் கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் நம் வீட்டில் போன் அடித்தால் உன் அப்பாதான் எடுக்கிறார். கப்பலில் சாப்பாடு எப்படி, மழை உண்டா என்று எல்லாம் விசாரித்து முடித்து என் கையில் கொடுக்கும்போது உனக்கு டூட்டி நேரம் வந்துவிடுகிறது. அதனால்தான் இந்த ஆடி மாதத்து மத்தியானத்தில், கடையில் ஈ காக்கை இல்லாத நேரத்தில், எதிரே இருக்கிற ஏரியே தெரியாமல் மஞ்சு மூடிக் கிடக்கும்போது, கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெரிய படகா, சின்னப் படகா, நீயே சொல்லும்மா என்று கேட்டாய். நாலாயிரத்துச் சொச்சம் அடி உயரத்தில் மிளகும் காப்பித்தூளும் மிளகாய் பஜ்ஜியும் விற்கிறவளிடம் கடலில் குடியிருக்க எந்தப் படகு நல்லது என்று கேட்ட முதல் ஆள் நீயாகத்தான் இருக்கும். கேட்டுவிட்டாய் அல்லவா, பொறுமையாகப் படி. குறுக்கே பேச இதில் வழியில்லை என்பது எனக்குப் பெரிய வசதி.

உன் கல்யாணப் பேச்சை எடுத்தபோது, பெயர் ஜெனி, தூத்துக்குடிப் பெண், வேறு மதம், அவளும் கப்பலில் ஆபீசர் என்றெல்லாம் நீ தயங்கித் தயங்கிச் சொன்னாய். நாங்கள் குதிப்போம் என்று நினைத்தாய். காலையில் கோயில், சாயங்காலம் சர்ச் என்று இரண்டு வீட்டாரும் ஒரே நாளில் பேசி முடிவு செய்துவிட்டோம். ஆனால் கல்யாணம் முடிந்ததும் இரண்டு பேரும் கம்பெனிக் கப்பலை விட்டுவிட்டு, சொந்தமாக ஒரு மோட்டார் படகு வாங்கி அதிலேயே குடியிருக்கப் போகிறீர்கள், நாடு நாடாக அதிலேயே போகப் போகிறீர்கள் என்ற விஷயம் இன்னும் முடிந்தபாடில்லை. மலேசியாவில், லங்காவித் தீவில் இரண்டு பழைய படகுகள் விலைக்கு நிற்கின்றன. ஒன்று ஐம்பத்திரண்டு அடி, மூன்று ரூம், இரண்டு என்ஜின். இன்னொன்று முப்பத்தெட்டு அடி, ஒரே ரூம், ஒரே என்ஜின். உனக்குப் பெரியது வேண்டும், ஜெனிக்குச் சின்னது வேண்டும். தாலி கட்டுவதற்கு முன்னாலேயே இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை குறைந்துபோய், நடுவில் என்னை இழுத்துவிட்டிருக்கிறாய். அதுகூடப் பரவாயில்லை. பெரியது எதற்கு என்று கேட்டதற்கு, "உனக்கும் அப்பாவுக்கும் ஒரு ரூம் வேண்டாமா?" என்றாயே, அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அன்றைக்குக் கடைக்கு வந்த ஒருவருக்குப் பஜ்ஜிக்குப் பதிலாகக் காப்பித்தூளைக் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

முதலில் உன்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஜெனிக்கும் தெரியட்டும். சின்ன வயதில் சேலத்துக்கு பஸ்ஸில் இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவிலும் விடாமல் வாந்தி எடுத்த பிள்ளை நீ. உன் பக்கத்துச் சீட்டு எப்போதும் காலியாகத்தான் இருக்கும். எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கச் சொன்னால், மோந்து பார்த்துவிட்டு அதன் மேலேயே எடுப்பாய். அப்படிப்பட்டவன் பிளஸ் டூ முடித்ததும் கப்பலுக்குப் படிக்கப் போகிறேன் என்று வந்து நின்றபோது, உன் அப்பா சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனார். நீ கொஞ்சம்கூட அசராமல், "கடல்ல வளைவு இல்லீங்கப்பா" என்றாய். அன்றிலிருந்து நீ கடலைப் பற்றி எதைச் சொன்னாலும் உன் அப்பா அப்படியே நம்பிவிடுகிறார். நான்தான் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறவள்.

நீ அனுப்பிய படங்களையும் விவரங்களையும் உன் அப்பா பிரிண்ட் போட்டு வந்து, எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தபோது ஆள் கணக்கு எடுத்த அதே சிரத்தையோடு உட்கார்ந்து படித்தார். அவருக்கு எல்லாமே பஸ்தான். கனமான அடிப்பாகம் உள்ள இந்த மாதிரிப் படகு மெதுவாகத்தான் போகும், மெதுவாகப் போனால் டீசல் கொஞ்சமாகச் செலவாகும், அதனால் ஒரு தடவை டேங்க்கை நிரப்பினால் ஒரு பெருங்கடலையே தாண்டிவிடலாம் என்று எனக்கு விளக்கினார். அவசரப்பட்டு முடுக்கினால் பாதி வழியிலேயே டீசல் தீர்ந்துவிடுமாம். "நம்ம பஸ்ஸு செகண்ட் கியர்ல மலை ஏறுதே, அதவிட மெதுவாத்தான் போகும் புள்ள" என்றார். உன்னை எல்லா விஷயத்திலும் அவசரக்காரன் என்று திட்டியே வளர்த்தவள் நான். நீ போய் இப்படி ஒரு ஆமை வண்டியை விரும்புகிறாய் என்று கேட்டதும், ஜெனி ஏதோ மருந்து கொடுத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு படகுமே அந்த ஜாதிதான், எவ்வளவு தூரம் போகும் என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று தெரிந்ததும், மிச்சம் இருந்தது ஒரே கேள்விதான். இரண்டு பேர் குடியிருக்க எவ்வளவு இடம் வேண்டும்?

காகிதத்தில் பார்த்தால் எதுவும் விளங்கவில்லை. இதுவும் கோடு, அதுவும் கோடு. அப்போதுதான் உன் அப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. காப்பி காயப்போட இன்னும் நாள் இருக்கிறது, களம் சும்மாதானே கிடக்கிறது, அதில் படகை அளவு மாறாமல் வரைந்து பார்த்துவிடலாம் என்றார். அவர் டேப் பிடிக்க, நான் கோலமாவில் கோடு இழுக்க, முதலில் பெரிய படகை வரைந்தோம். என் இடுப்பு என்னுடையதாக இல்லை. மறுநாள் காலையில் களை எடுக்க வந்த சின்னப்பொண்ணு, கிளியூரிலிருந்து வருகிறவள், உனக்குத் தெரியும், களத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள். "ஏனுங்கக்கா, களத்துல ஆரோ என்னமோ வெச்சுட்டுப் போயிருக்காங்க, மிதிச்சுராதீங்க" என்றாள். செய்வினை இல்லை, என் பையன் வாங்கப்போகிற படகு என்று சொன்னதற்குப் பிறகுதான் அவள் உண்மையாகவே பயந்தாள்.

அந்தப் பெரிய படகு களத்தில் அடங்கவில்லை. பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியில் இடித்தது, முன்பக்கம் மாட்டுக்கொட்டகைக்குள் போய்விட்டது. நீ எங்களுக்கு என்று சொன்ன ரூம் எங்கே வருகிறது என்று பார்த்தால், சரியாக மாடு கட்டுகிற இடத்தில் வந்தது. உன் அப்பா அதைப் பற்றிக் கவலையே படவில்லை. மாட்டை அவிழ்த்து வெளியே கட்டிவிட்டு, கயிற்றுக் கட்டிலைக் கொண்டுபோய் அங்கே போட்டு, மத்தியானம் படுத்து ஒரு தூக்கமும் போட்டுவிட்டார். எழுந்து வந்து, ரூம் நல்ல காற்றோட்டமாக இருக்கிறது என்றார். குல்லாவை எங்கே மாட்டுவது, தைலத்தை எங்கே வைப்பது என்று எல்லாம் முடிவாகிவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தபோது சின்னப் படகைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் கண்ணு, நம் மாடி ரூம்களை நீ மறந்துவிட்டாயா? இரண்டு ரூமும் ஒரு ஹாலுமாக நன்றாகத்தான் இருந்தது நம் வீடு. உனக்குப் படிக்க ஒரு ரூம், வருகிறவர்களுக்கு ஒரு ரூம் என்று சொல்லி மாடி எடுத்தோம். கட்டி முடித்த வருஷம் மே மாதம், மலர்க் கண்காட்சி பார்க்க என்று சேலத்திலிருந்து உன் பெரியம்மா குடும்பம் வந்தது. பூவைப் பார்த்து முடித்தார்கள். வெயில் இறங்கட்டும் என்றார்கள். பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் இறங்கவில்லை. அவர்கள் இருக்கும்போதே உன் மாமா குடும்பம் வந்தது, மாமாவோடு அவர் சம்பந்தி வந்தார். நீ காப்பி மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து நுழைவுத் தேர்வுக்குப் படித்தாய். நானும் உன் அப்பாவும் நம் வீட்டிலேயே சமையல்கட்டில் பாய் போட்டுப் படுத்தோம். மலைமேல் வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு இது. கீழே வெயில் அடிக்கிறது என்பதை மறந்துவிட்டு ரூம் கட்டுவார்கள். நீயும் இப்போது அதையேதான் செய்யப் பார்க்கிறாய். எங்களுக்கு ஒரு ரூம் என்கிறாய், சரி. மூன்றாவது ரூம் யாருக்கு? உன் மாமா போன வாரமே போன் செய்து, லங்காவிக்கு எந்த மாதம் போனால் நல்லது, படகில் சுடுதண்ணீர் வருமா என்று கேட்டுவிட்டார்.

இன்னொன்றும் சொல்கிறேன். படகைப் பற்றித்தான் எனக்குத் தெரியாது, படகில் ஏறுகிற ஜோடிகளைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. இத்தனை வருஷமாகப் படகுத் துறைக்கு எதிரே கடை வைத்திருக்கிறேன். பெரிய மோட்டார் படகில் போகிற புது ஜோடி, ஓட்டுகிறவர் ஓட்ட, சொகுசாகப் போய்ச் சொகுசாகத் திரும்பி வந்து, ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு பஜ்ஜி தின்பார்கள். இரண்டு பேர் மிதிக்கிற படகில் போனவர்கள் அப்படியில்லை. ஒருத்தர் மிதிக்காவிட்டால் அது இருந்த இடத்திலேயே சுற்றும். நடு ஏரியில் சண்டை போடுவார்கள், கரைக்கே கேட்கும். வேறு வழியில்லாமல் சேர்ந்து மிதித்துத் திரும்பி வருவார்கள். வந்து ஒரே தட்டில் பஜ்ஜி வாங்குவார்கள். இதை உன் படிப்பில் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அடுத்ததாகச் சின்னப் படகையும் வரைந்தோம். அது களத்துக்குள் அழகாக அடங்கியது. சும்மா வரைந்தால் போதாது, ஒரு நாள் குடியிருந்து பார்க்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். காலையிலிருந்து சாயங்காலக் காப்பி வரைக்கும் கோட்டைத் தாண்டக் கூடாது, பாத்ரூம் போவதற்கு மட்டும் விதிவிலக்கு என்று பேச்சு. கேஸ் அடுப்பைச் சமையல் இடத்தில் வைத்து உப்புமா கிண்டினேன். உன் அப்பா ஸ்டியரிங் இருக்கிற இடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். எங்கிருந்தோ ஒரு குரங்கு வந்து படகின் முனையில் உட்கார்ந்து எங்களையே பார்த்தது. எல்லாம் நன்றாகத்தான் போனது. நான் திரும்பிப் பார்க்கும்போது உன் அப்பா பேப்பர் எடுக்கக் கோட்டைத் தாண்டி வீட்டு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார். நீங்கள் கடலில் விழுந்து செத்துவிட்டீர்கள் என்றேன். மனுஷன் குடியிருக்கிற இடமா இது, திரும்பினால் இடிக்கிறது என்றார் அவர். அதில் தொடங்கி, கல்யாணத்துக்கு என் அண்ணன் வாங்கிக் கொடுத்த கடிகாரம் வரைக்கும் போனது சண்டை.

வீட்டில் என்றால் என்ன செய்வார் என்று உனக்குத் தெரியும். மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நாள் கணக்கில் பேச்சு இருக்காது. காப்பி வேண்டும் என்றால் சின்னப்பொண்ணிடம் சொல்லி அனுப்புவார், நானும் அவளிடமே கொடுத்து அனுப்புவேன். அவளுக்கு எங்கள் சண்டையில் கால் வலி வந்ததுதான் மிச்சம். அன்றைக்குப் போக மாடி இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் கை நீட்டினால் தொடுகிற தூரம். கோபமாக இருக்கிற ஒரு மனுஷனின் பிடரியையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருக்க முடியும்? முடி முழுக்க நரைத்துவிட்டது என்பதை அப்போதுதான் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "ஏம்புள்ள, உப்புமால உப்பு கொஞ்சம் தூக்கலோ?" என்றார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் சண்டைக்குப் பிறகு அவராக முதலில் பேசியது அதுதான் முதல் தடவை. சின்னப் படகின் அருமை எனக்கு அங்கே புரிந்தது. ஆனாலும் அவர் பெரிய படகை விட்டுக்கொடுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஜெனி ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தது உனக்குத் தெரியும். களத்தில் என்ன நடந்தது என்று அவள் சொல்லியிருக்க மாட்டாள், அது வாயைத் திறக்கவே காசு கேட்கிற பெண். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வந்தவள், களத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுப் படகுக்குள் போய்விட்டாள். உள்ளே இருந்தபடியே, சமையல்கட்டை வலது இடது மாற்றிப் போட்டுவிட்டீர்கள் என்று எனக்குக் குற்றம் சொன்னாள். உன் அப்பா விடவில்லை. ஒரே என்ஜின் நின்றுபோனால் நடுக்கடலில் என்ன செய்வாய் என்று கேட்டார். அவசரத்துக்கு என்று ஒரு குட்டி என்ஜின் அதில் தனியாக இருக்கிறது, மெதுவாக ஓட்டிக் கரை சேர்ந்துவிடலாம், அதோடு கட்டிக்கொள்ளப் போகிறவரே என்ஜின் ஆள்தானே என்றாள். அப்புறம் எதற்குச் சின்னதே வேண்டும் என்கிறாய் என்று நான் கேட்டேன்.

"பெருச ரெண்டு பேரா வச்சுச் சமாளிக்க முடியாது அத்த. காத்தடிக்கும்போது கரையில கட்டக்கூட ஆள் வேணும். இதுன்னா அவுக தூங்கும்போது நான் ஓட்டுவேன், நான் தூங்கும்போது அவுக ஓட்டுவாக. மூணாவது ஆள் வந்துட்டா அது வேலைக்குப் போற கப்பல் மாதிரிதான் இருக்கும். வீடு மாதிரி இருக்காது."

உன் அப்பா குனிந்து, காலில் ஒட்டியிருந்த கோலமாவைத் தட்டிவிட்டார். பிறகு, "படகு சின்னதாவே இருக்கட்டுங் கண்ணு. எங்களுக்குன்னு ஒரு ரூமு வெச்சிருக்கறேன்னு அவன் சொன்னப்ப நொம்ப சந்தோசமா இருந்துச்சு. அதுக்கோசரந்தான் இத்தன பேசுனேன்" என்றார்.

அவர் இப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நீ கப்பலுக்குப் போன நாளிலிருந்து வருஷத்தில் பாதிக்கு மேல் எங்கே இருக்கிறாய் என்று தெரியாமல்தான் இருக்கிறோம். இனிமேல் வீடும் உன்னோடு நகர்ந்துகொண்டே இருக்கும் என்றால், எங்கே வந்து உன் கதவைத் தட்டுவது என்பதுதான் எங்கள் பயம். பெரிய படகு வேண்டும் என்று உன் அப்பா பிடிவாதம் பிடித்ததும், வேண்டாம் என்று என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் போனதும் அதனால்தான். ஜெனி அருகில் வந்தாள். என் கையிலிருந்த கோலமாவுக் கிண்ணத்தை வாங்கி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் நான் சோபா என்று போட்டிருந்த இடத்தில் இன்னும் இரண்டு கோடு இழுத்தாள். "இந்த மேசைய இறக்கி மெத்தையப் போட்டா கட்டில் மாமா. படுத்துப் பாருங்க" என்றாள்.

உன் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்தில் படுத்தார். ஆறடி ஆளுக்கு அந்தக் கட்டில் போதவில்லை. தலை உள்ளே இருந்தது, கால் இரண்டும் கோட்டுக்கு வெளியே கிடந்தது. சின்னப்பொண்ணு களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்து, "அய்யா காலு கடல்ல கெடக்குதுங்களே" என்றாள். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம், அவர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கிடந்தால் கிடக்கட்டும், இடம் நன்றாக இருக்கிறது என்றார். அன்று சாயங்காலம் பெய்த மழையில் படகு கரைந்து போய்விட்டது. மாடு மறுபடியும் கொட்டகைக்குள் வந்துவிட்டது.

ஆகவே, சாமி, சின்னதையே வாங்கு. ஜெனி சொன்னாள் என்பதற்காக இல்லை, அவள் சொன்னது சரி என்பதற்காக. வாங்குவதற்கு முன்னால் நீ நேரில் போய்ப் பார். சிலுவர் ஓக் மரத்திலிருந்து விழுந்த முழங்கால் உனக்கு, என்ஜின் ரூமில் குந்தி உட்கார்ந்து நாலு பக்கமும் கை போகிறதா என்று பார்த்துக்கொள். சாமான் வைக்க ஜெனிக்கு எத்தனை தட்டு, உனக்கு எத்தனை தட்டு என்று முதலிலேயே பிரித்துவிடு. சண்டை வந்தால் போக இடமிருக்காது, அதனால் சீக்கிரம் பேசிவிடு. உப்பைப் பற்றிப் பேசினால்கூடப் போதும். எங்களுக்கு ரூம் வேண்டாம். கூப்பிட்டால் வருவோம், கொஞ்ச நாள் இருப்போம், நீங்கள் கொட்டாவி விடுவதற்கு முன்னால் கிளம்பிவிடுவோம். உன் மாமாவிடம் ஒரே ரூம்தான் என்று நானே போன் செய்து சொல்லிவிட்டேன். சுடுதண்ணீரைப் பற்றி அவர் அப்புறம் கேட்கவில்லை.

லங்காவிக்குப் போகும்போது டேப் எடுத்துப் போ. மேசையை இறக்கினால் அந்தக் கட்டில் எத்தனை அடி நீளம் வருகிறது என்று அளந்து சொல். ஒன்றும் அவசரமில்லை, எப்படியும் சமாளித்துக்கொள்ளலாம். ஆறடிக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தே பழகிய உன் அப்பா, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முழங்காலை மடக்கித் தூங்கிப் பழகிக்கொண்டிருக்கிறார்.

அம்மா